நாலு பத்திரம் இருந்தால் எது செல்லும்?

உயில் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏன் இந்தப் பேச்சு?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேதி என்று எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், குடியிருக்கும் வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக்கூடக் கேட்பதில்லை. வீட்டில் ஒரு பெரியவர் கண்ணை மூடிய பிறகுதான் பீரோவைத் திறக்கிறோம். திறந்தால் ஒரு பத்திரத்துக்குப் பதில் ரெண்டு பத்திரம் இருக்கும். அன்று ஆரம்பிக்கும் சண்டை, பேரன் பேத்தி காலம்வரை ஓயாது.

நான் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீசில் 22 வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். மஞ்சள் பையில் பத்திரங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு படியேறி வரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வக்கீல் ஐயா கோர்ட்டிலிருந்து திரும்பும்வரை என்னிடம்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். பலரும் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "அக்கா, எங்க அத்தை ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்காங்க. இதுல எதுக்கா செல்லும்?"

அக்கம்பக்கத்தில் இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "ரிஜிஸ்டர் ஆனதுதான் செல்லும்" என்பார் ஒருவர். "ஸ்டாம்ப் பேப்பரில் இருப்பதுதான் செல்லும்" என்பார் இன்னொருவர். "கடைசியாக எழுதினதுதான் செல்லும்" என்பார் மூன்றாமவர். முதல் இரண்டும் தப்பு. மூன்றாவது பாதி சரி. அந்த மீதிப் பாதி தெரியாமல்தான் குடும்பங்கள் கோர்ட் வாசலில் நிற்கின்றன.

சுருக்கமாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: உயிலாக இருந்தால் கடைசியாக எழுதியது நிற்கும், தானமாக, அதாவது செட்டில்மெண்டாக இருந்தால் முதலில் எழுதியது நிற்கும். ஆகவே, தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் அது என்ன ஜாதிப் பத்திரம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டின் கதை

எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு குடும்பத்தின் விஷயத்தைச் சொன்னால் எளிதாகப் புரியும். பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒரு தாய். கணவர் காலமாகிவிட்டார். அவர் இருந்தபோதே மனைவி பெயரில் வாங்கிக் கொடுத்த மாடி வீடு. மூத்த மகன், நடுவில் ஒரு மகள், கடைசியில் இளைய மகன் என்று மூன்று பிள்ளைகள். 2017-இல் அந்த அம்மாள் இறந்தபோது நாலு பத்திரங்கள் வெளியே வந்தன.

முதலாவது, 1991-இல் எழுதி ரிஜிஸ்டர் செய்த உயில். வீடு இரண்டு மகன்களுக்கும் சரிபாதி, நகைகள் மகளுக்கு.

இரண்டாவது, 2006-இல் ரிஜிஸ்டர் செய்த செட்டில்மெண்ட் பத்திரம். மாடிப் பகுதியை இன்று முதல் இளைய மகனுக்குக் கொடுத்துவிட்டேன். என் ஆயுள்வரை மாடி வாடகையை நானே வாங்கிக்கொள்வேன் என்று அதில் இருந்தது.

மூன்றாவது, 2014-இல் நோட்டுத்தாளில் தன் கையாலேயே எழுதிய உயில். ரிஜிஸ்டர் இல்லை, ஸ்டாம்ப் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது ஒன்றரை வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு வீடு முழுவதும் என்று எழுதியிருந்தார். அடியில் அவர் கையெழுத்து. கீழே எதிர்வீட்டு ரிடையர்ட் வாத்தியார் ஒருவரும், பக்கத்துக் கிளினிக் கம்பவுண்டர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நாலாவது, இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால், ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதியதாகச் சொன்ன டைப் அடித்த உயில். வீடு முழுவதும் மூத்த மகனுக்கு. கையெழுத்துப் போடத் தெரிந்த அம்மாளின் பெருவிரல் ரேகைதான் அதில் இருந்தது. சாட்சிகள் இருவரும் மூத்த மகனின் கடையில் வேலை பார்ப்பவர்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே, எது செல்லும்?

கொடுத்தது கொடுத்ததுதான்

முதலில் செட்டில்மெண்டை எடுத்துக்கொள்வோம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, வீடு நிலம் போன்றவற்றைத் தானமாகக் கொடுத்தால் பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும், கட்டாயம் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். இளைய மகன் மாடிக்கு வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றிக் கட்டிவந்தார். ஏற்றுக்கொண்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

"வாடகையை அம்மாதானே வாங்கினாங்க? அப்ப மாடி அம்மாவோடதுதானே?" என்று மூத்தவர் கேட்டார். அப்படி இல்லை. சொத்தை இன்றே கொடுத்துவிட்டு, ஆயுள்வரை அனுபவிக்கும் பாத்தியதையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுப்ரீம் கோர்ட் 2014-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

2006-இலேயே மாடி அந்த அம்மாளுடைய கையை விட்டுப் போய்விட்டது. தன்னிடம் இல்லாததை 2014-இல் மகளுக்கோ 2017-இல் மூத்த மகனுக்கோ எப்படி எழுத முடியும்? ஆகவே, பின்னால் வந்த எந்த உயிலும் மாடியைத் தொட முடியாது. செட்டில்மெண்டை, கொடுத்தவர் தானாகவே போய் ரத்துப் பத்திரம் எழுதிவிட்டு வருவதும் நடக்காது. 2022-இல் சென்னை ஹைகோர்ட்டின் முழு அமர்வும் இந்த விஷயத்தை விரிவாக ஆராய்ந்து, ஒருதலைப்பட்சமான ரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று கூறியிருக்கிறது. பத்திரத்திலேயே ரத்து செய்யும் உரிமைக்கு இடம் இருந்தாலோ, ஏமாற்றி மிரட்டி எழுதி வாங்கியது என்று கோர்ட்டில் நிரூபித்தாலோ விஷயம் வேறு.

ஒரு எச்சரிக்கை. பத்திரத்தின் தலைப்பில் "செட்டில்மெண்ட்" என்று போட்டிருப்பதால் மட்டும் அது செட்டில்மெண்ட் ஆகிவிடாது. உள்ளே உள்ள வாசகம்தான் முக்கியம். "இன்று முதல் உனக்கு" என்றால் தானம். "என் ஆயுளுக்குப் பிறகுதான் உனக்கு, அதுவரை எனக்கே முழு பாத்தியதை" என்றால், தலைப்பு என்னவாக இருந்தாலும் அது உயில்தான். அப்படியானால் பிறகு மாற்றி எழுதவும் முடியும்.

உயிலுக்கு என்ன வேண்டும்?

உயில் விஷயத்தில் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் ஆதாரம். அதன் 63-ஆவது பிரிவு கேட்பது அதிகமில்லை. எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சாட்சிகளும் அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பது இல்லை. எழுதுகிறவர் மேஜராக இருக்க வேண்டும், புத்தி தெளிவாக இருக்க வேண்டும்.

ஸ்டாம்ப் பேப்பர் தேவையே இல்லை. ரிஜிஸ்டர் செய்வதும் அவரவர் விருப்பம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் உயிலைக் கட்டாயப் பதிவில் சேர்க்கவில்லை. ஆகவே ரிஜிஸ்டர் ஆன பழைய உயிலை, ரிஜிஸ்டர் ஆகாத புதிய உயில் தாராளமாக ரத்து செய்யும். நோட்டுத்தாள்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். அதே சமயம், தன் கைப்பட எழுதியதுதானே, சாட்சி எதற்கு என்றும் நினைக்காதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் சொந்தக் கையெழுத்தில் எழுதிய உயிலுக்கும் இரண்டு சாட்சி இருந்தே ஆக வேண்டும். செல்போனில் பேசிப் பதிவு செய்து வைத்தாலும், பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்பினாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அது உயிலாகாது.

இந்தக் கணக்கில் 2014-ஆம் வருஷத்து நோட்டுத்தாள் தேறியது. 1991-ஆம் வருஷத்து ரிஜிஸ்டர் உயில், வீட்டைப் பொறுத்தவரை அடிபட்டுப் போனது.

நகைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். 2014 உயிலில் நகையைப் பற்றிப் பேச்சே இல்லை. "முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து" என்ற வரியும் இல்லை. அப்படி இருந்தால், புதியதோடு மோதாத பழைய ஏற்பாடு அப்படியே நிற்கும். ஆகவே 1991 உயிலின்படியே நகைகளும் மகளுக்கு வந்தன. இந்த வீட்டில் மகளுக்கு நல்லதாக முடிந்தது. வேறு வீட்டில் இதே ஒரு வரி இல்லாததால் விபரீதமாகவும் முடியலாம். உயில் எழுதும்போது அந்த ரத்து வரியை எழுதத் தவறவே கூடாது.

ஆஸ்பத்திரிக் கட்டில் உயில்

கடைசியில் எழுதியது செல்லும் என்றால் 2017-ஆம் வருஷத்து உயில் அல்லவா செல்ல வேண்டும்? மூத்த மகனும் அதைத்தான் வாதாடினார். கடைசி என்பது தேதியை மட்டும் பார்த்துச் சொல்வது இல்லை. சட்டப்படி முறையாக எழுதப்பட்ட உயில்களுக்குள்ளேதான் கடைசி எது என்று பார்க்க வேண்டும்.

இதில் இன்றுவரை எல்லா வக்கீல்களும் எடுத்துச் சொல்லும் தீர்ப்பு, 1959-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் வெளிவந்த வேங்கடாசல ஐயங்கார் வழக்குத் தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதியது. உயிலைக் காட்டி உரிமை கேட்பவர்தான், அதைச் சுற்றியுள்ள சந்தேகங்களை எல்லாம் துடைத்துக் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. நடுங்கும் கையெழுத்து, தெளிவில்லாத மனநிலை, நியாயமில்லாத பங்கீடு, ஆதாயம் அடைபவரே முன்னின்று எழுத வைத்தது, இவையெல்லாம் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பவை. எழுதியவர் வந்து பேச முடியாது அல்லவா? அதனால்தான் கோர்ட் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறது. ரிஜிஸ்டர் ஆகியிருந்தால்கூடச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடாது.

கையெழுத்துப் போடும் அம்மாள் ஏன் ரேகை வைத்தார்? டாக்டர் சர்ட்டிபிகேட் ஏன் இல்லை? ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். அந்தத் தேதியில் அவர் ஆட்களை அடையாளம் தெரியாத நிலையில் இருந்தார் என்று அதில் குறித்திருந்தது. இதற்கும் மேலே ஒன்று நடந்தது. சாட்சிகளில் ஒருவர் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில், "ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில வெச்சுத்தாங்க கையெழுத்துப் போட்டேன். அம்மாவை நான் பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டார். அத்தோடு அந்த உயில் விழுந்தது. அம்மாள் எதிரில் கையெழுத்துப் போடாதவர் சாட்சியே இல்லை. மிஞ்சியது ஒரே சாட்சி.

2014 உயிலுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? கம்பவுண்டர் அதற்குள் காலமாகிவிட்டார். 80 வயதைத் தாண்டிய வாத்தியார் ஆட்டோவில் வந்து, கைத்தடியை ஊன்றி நின்று, அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டதையும், தானும் கம்பவுண்டரும் அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் அப்படியே இருக்கிறது.

தீர்ப்பு 2023-இல் வந்தது. மாடி இளைய மகனுக்கு, கீழ்வீடு மகளுக்கு. வக்கீல் ஐயா எழுந்து கைகுவித்த அன்று அந்தப் பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வீடு கிடைச்சிருச்சுக்கா. அண்ணன்தான் இல்லாமப் போயிருச்சு." அந்த வருஷம் மூத்தவர் வீட்டில் நடந்த கல்யாணத்துக்கு அத்தைக்குப் பத்திரிகை வரவில்லை. அம்மாள் 2014-லேயே பிள்ளைகள் மூவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லியிருந்தால், மனஸ்தாபம் அவர் கண் முன்னாலேயே வந்து அவர் கண் முன்னாலேயே தீர்ந்திருக்கலாம்.

கிழித்தால் என்ன ஆகும்?

உயிலை எழுதியவரே, ரத்து செய்யும் எண்ணத்தோடு கிழித்தாலோ எரித்தாலோ அது ரத்தாகும். அவர் சொல்லி, அவர் எதிரில் வேறொருவர் கிழித்தாலும் அப்படியே. அவருக்குத் தெரியாமல் மருமகளோ மகனோ கிழித்துப் போட்டால் உயில் ரத்தாகாது. அது குற்றமாகவும் முடியும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: இரண்டாவது உயிலைக் கிழித்துவிட்டால் முதல் உயில் தானாக உயிர் பெற்றுவிடாது. ஒருமுறை ரத்தானதை மறுபடி முறைப்படி எழுதினால்தான் செல்லும். உயில் எழுதிய பிறகு பேனாவால் அடித்து, ஓரத்தில் பெயர் சேர்ப்பதும் செல்லாது. அந்தத் திருத்தத்துக்கும் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் வேண்டும். சின்ன மாற்றம்தான் என்றால் "கோடிசில்" என்கிற இணைப்பு உயில் எழுதலாம். அதற்கும் அதே முறைதான்.

தேதி போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தேதி இல்லாவிட்டால் எது கடைசி என்று எப்படிச் சொல்வது? ஆகவே தேதியைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

ஹிந்துக்களுக்குக் கல்யாணத்தால் பழைய உயில் ரத்தாவதில்லை. கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். அவர்கள் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவர், மனைவிக்கோ எழுதிய பங்கும் செல்லாது. யாராக இருந்தாலும், பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். இஸ்லாமியக் குடும்பங்களில் கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

டிரஸ்ட் என்கிறார்களே?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இப்போது "லிவிங் டிரஸ்ட்" என்ற பேச்சு அடிபடுகிறது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டில் வைத்து, தனக்குப் பின் யாருக்கு என்று எழுதும் ஏற்பாடு அது. அங்கே அதைப் பெரும்பாலும் எழுதியவரே மாற்றிக்கொள்ளலாம். எந்தத் திருத்தம் செல்லும் என்ற தகராறு வந்தால், மாற்றுவதற்கென்று டிரஸ்ட் பத்திரத்திலேயே சொல்லியிருக்கும் முறைப்படி நடந்ததா என்று முதலில் பார்ப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும்.

நம் ஊர் வீடு வாசலை அப்படி டிரஸ்டில் வைப்பதானால் 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டத்தைப் பார்க்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். பிறகு நினைத்தபோது மாற்றிவிட முடியாது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் பயனடைபவர்கள் எல்லாரும் மேஜராக இருந்து சம்மதிக்க வேண்டும். ஆக, டிரஸ்டும் செட்டில்மெண்ட் பக்கம்தான் சாய்கிறது. உயில் மாதிரி என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் பத்திரம் கிடைத்தால்

பத்திரங்கள் கிடைத்த அன்றே எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் "இன்று முதல்" என்று இருக்கிறதா, "என் ஆயுளுக்குப் பின்" என்று இருக்கிறதா என்று பென்சிலால் வேறு தாளில் குறியுங்கள். பத்திரத்தின் மேலே எதையும் எழுதாதீர்கள். ஸ்டேப்ளரைக் கழற்றிப் பக்கங்களைப் பிரிக்காதீர்கள்.

அடுத்து, வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். ரிஜிஸ்டர் ஆன செட்டில்மெண்ட் அதில் வரும். உயில் வராது! உயில்களை ரிஜிஸ்டர் ஆபீசில் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் புத்தகத்தில் பதிகிறார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் ஏஜண்டுக்கோ மட்டும்தான் நகல் கொடுப்பார்கள். அவர் காலமான பிறகு யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். சிலர் உயிலை மூடி முத்திரையிட்ட கவரில் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். அதையும் விசாரியுங்கள்.

சாட்சிகள் யார், உயிரோடு இருக்கிறார்களா, இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். எழுதிய காலத்து மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழைய பேப்பர்காரரிடம் அவசரப்பட்டு எதையும் போடாதீர்கள். உயிலின் அசல் எழுதியவர் கையில் இருந்து, பிறகு காணாமல் போயிருந்தால், அவரே கிழித்திருப்பார் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு. ஜெராக்ஸ் மட்டும் இருந்தால் வழக்கு கஷ்டம்தான்.

இன்னொன்றும் பாருங்கள். எழுதியவருக்கு அந்தச் சொத்து முழுதும் சொந்தமா? பூர்வீகச் சொத்தாக இருந்தால் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். அதில் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்பதை 2005-ஆம் வருஷத்துத் திருத்தமும் 2020-இல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் உறுதி செய்திருக்கின்றன.

நம் பெயரில் இருப்பதற்கு

வயதான தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று நம்பி வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், "சாப்பாடு, வைத்தியம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில், மகனுக்கு எழுதிக் கொடுத்த ஒரு தாயின் வழக்கில், முதியோருக்கு அனுகூலமாகவே இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர் சொத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது.

இளம் தாய்மார்களே, "என்கிட்ட என்ன இருக்கு, உயில் எழுத?" என்று நினைக்கிறீர்களா? நகை இருக்கிறது, பேங்கில் டெபாசிட் இருக்கிறது, உங்கள் சம்பளத்தில் வாங்கிய மனை இருக்கலாம். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்து, அவளுக்குக் கணவரும் பிள்ளைகளும் இல்லையென்றால், அவள் சம்பாதித்த சொத்து பெற்ற தாய்க்குப் போவதற்கு முன்னால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலை பார்த்துச் சேர்த்த ஒரு பெண்ணின் சொத்து, அவளை வெளியேற்றிய வீட்டாருக்கே போயிற்று. 2009-இல் சுப்ரீம் கோர்ட்டே, அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, இரண்டு பேரைச் சாட்சி போடச் சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே, உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். உங்களைவிட வயதில் இளையவராக, எளிதில் ஊர் மாறிப் போகாதவராகப் பார்த்துச் சாட்சி வையுங்கள். முடிந்தால் ஒரு சாட்சி உங்கள் டாக்டராக இருக்கட்டும். வயதானவர்கள் எழுதினால் அன்றைய தேதியிட்ட டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் கூடவே வைக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, தெளிவான தேதி, "இதற்கு முன் எழுதிய உயில்கள் ரத்து" என்ற வரி, இவை இருக்கட்டும். ரிஜிஸ்டர் செய்தால் காணாமல் போகாது என்ற நிம்மதியும் உண்டு. பெரிய சொத்து, தகராறுக்கு இடமுள்ள சொத்து என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிக்கொண்டு எழுதுங்கள். எழுதிய பிறகு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மாற்றி எழுதினால் பழையதை நீங்களே உங்கள் கையால் கிழித்துவிடுங்கள். பீரோவில் ஒரே ஒரு பத்திரம் இருக்கட்டும். பிள்ளைகளுக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோகாமல் இருக்கும்.